ஷேர்வேர் எழுதியவரைக் காணோம், எங்கே தேடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்கு உதவும்?

உங்களிடம் ஒரு பழைய ஷேர்வேர் இருக்கிறது. முப்பது நாள் ஓடுகிறது, அப்புறம் ரெஜிஸ்டர் செய்யச் சொல்லி நிற்கிறது. காசு கொடுக்க நீங்கள் தயார்தான், வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வலைத்தளம் திறக்கவில்லை, மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பி வருகிறது. அல்லது கீ (காசு கொடுத்தவருக்குத் தரும் பதிவுக் குறியீடு) இருக்கிறது, நிரல்தான் புதிய கணினியில் ஓடவில்லை, சோர்ஸ் கோட் (நிரலின் மூல எழுத்து) கிடைத்தால் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். அல்லது அந்த நிரலில் சேமித்த ஃபைல்களை இன்று வேறு எதிலும் திறக்க முடியவில்லை. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பக்கம். பழைய நினைவுக்காகச் சும்மா தேடுபவர்களும் படிக்கலாம், ஆனால் அவர்கள் கடிதம் எழுதுவது பற்றிய பகுதியை இரண்டு தடவை படிக்கவும்.

எழுதியவர்கள் ஏன் இப்படித் தடமே இல்லாமல் போகிறார்கள்?

ஷேர்வேர் ஆரம்பத்திலிருந்தே தனி ஆள் தொழில். 1982-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் என்ற நிரலையும் ஜிம் நாஃப் பிசி-ஃபைல் என்ற நிரலையும் "நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் காசு அனுப்புங்கள்" என்ற பாணியில் வெளியே விட்டார்கள். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் பிசி-ரைட்டைக் கொண்டுவந்தார். இவர்களைப் பார்த்துப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் வேலை முடிந்து வந்து இரவில் நிரல் எழுதி, வீட்டு முகவரிக்கோ அஞ்சல் பெட்டிக்கோ செக் வாங்கியவர்கள். ரீட்மீ என்ற, நிரலோடு வரும் குறிப்பு ஃபைலில் "சிஸ்டம்ஸ்" என்றும் "சொல்யூஷன்ஸ்" என்றும் கம்பீரமாகப் பெயர் இருக்கும், உள்ளே ஒருவர்தான். அவர் வேலை மாறினால், வீடு மாறினால், சலித்துப்போனால், நிறுவனமே மறைந்துவிடும். ஒளிந்துகொண்டவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் வேறு வேலையில் நிம்மதியாக இருக்கிறார்கள், அந்த நிரலை இன்னும் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பெயரைத் தேடுபொறியில் போட்டால் போதாதா?

போடுங்கள், ஐந்து நிமிடம் செலவு. ஆனால் பொதுவான பெயராக இருந்தால் அதே பெயரில் நூறு பேர் வருவார்கள், உண்மையானவர் அந்த நூறில் இருக்கமாட்டார். நான் சொல்வது இதுதான்: ஆளைத் தேடுவதற்கு முன்னால் பொட்டலத்தைப் படியுங்கள். எழுதியவர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பிய எல்லாவற்றையும், சொல்ல நினைக்காத சிலவற்றையும் அந்த ஜிப் ஃபைலுக்குள்ளேயே வைத்திருப்பார்.

ரீட்மீ, ஆர்டர் படிவம், ஹெல்ப் ஃபைல், "புதிதாக என்ன" பட்டியல், வென்டர் ஃபைல் (வட்டில் போட்டு விநியோகிப்பவர்களுக்கான குறிப்பு), அப்புறம் ஃபைல்_ஐடி.டிஸ் என்ற குட்டி ஃபைல் (பிபிஎஸ்களில், அதாவது தொலைபேசி வழியே இணையும் அந்தக் காலத்து அறிவிப்புப் பலகைக் கணினிகளில், நிரலை விவரிக்கப் போடுவது), எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க வேண்டும். நன்றி சொல்லும் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். சோதித்துப் பார்த்த நண்பர், ஐகான் வரைந்தவர், ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தவர் என்று அங்கே வரும் பெயர்களில் ஒன்று அபூர்வமான பெயராக இருக்கும். எழுதியவரைவிட அந்த நண்பரைக் கண்டுபிடிப்பது பல நேரம் சுலபம்.

பிகேசிப் என்ற பழைய சுருக்கும் நிரலில் சுருக்கிய ஃபைலாக இருந்தால் அதன் ஜோடியான பழைய பிகேஅன்சிப்பிலேயே விரித்துப் பாருங்கள். பிகேசிப்பைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் ஜிப்பில் ஒரு சரிபார்ப்பு முத்திரை குத்த முடியும். விரிக்கும்போது அவர் பதிவு செய்திருந்த பெயர் திரையில் வரும். ரீட்மீயில் நிறுவனப் பெயர் மட்டும் இருந்து, முத்திரையில் ஆளின் பெயரே இருக்க வாய்ப்பு உண்டு. புதிய கருவிகள் இதைக் காட்டுவதில்லை.

ரீட்மீயில் மிச்சிகன் முகவரி ஒன்று இருக்கிறது. அவர் அங்கே இருந்தாரா?

மஸ்கீகன் என்ற ஊர் என்றால், அநேகமாக இல்லை. அது 1987-ல் தொடங்கிய அசோசியேஷன் ஆஃப் ஷேர்வேர் புரொஃபஷனல்ஸ் என்ற சங்கத்தின் முகவரி. உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் ரீட்மீயில் "என்னோடு தகராறு என்றால் சங்கத்தின் மத்தியஸ்தருக்கு எழுதுங்கள்" என்று ஒரே மாதிரி பத்தியை ஒட்ட வேண்டியிருந்தது. அந்தப் பத்தியில் வரும் முகவரியும் கம்ப்யூசர்வ் (அந்தக் காலத்து ஆன்லைன் சேவை) எண்ணும் சங்கத்தினுடையவை. ஆனால் அந்தப் பத்தி ஒரு தகவலைத் தருகிறது: இவர் சங்க உறுப்பினர். சங்கம் பின்னாளில் பேட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் முறையைக் கொண்டுவந்தது. நிரலின் பெயர், விலை, எழுதியவரின் முதல் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல் என்று தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். டவுன்லோட் தளங்கள் இதை அப்படியே உறிஞ்சிக்கொண்டன, அதனால் செத்துப்போன தளங்களின் பழைய பிரதிகளில்கூட அந்த விவரம் சிக்கும்.

எக்ஸ்இ ஃபைலுக்குள் (ஓடும் நிரலுக்குள்ளேயே) ஏதாவது கிடைக்குமா?

நிறையக் கிடைக்கும். ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்களை மட்டும் பிரித்துக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் என்ற கருவி போதும். விண்டோஸ் நிரல் என்றால் இரண்டு பைட் எழுத்துகளையும் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதி விட்டுப்போகும். வெர்ஷன் தகவலில் காப்புரிமை (காப்பிரைட்) வரி இருக்கும். அதைவிட ருசியானது, நிரலைத் தொகுத்த கணினியின் ஃபோல்டர் பாதை. விஷுவல் பேசிக் நிரல்கள் தங்கள் புராஜெக்ட் ஃபைலின் முழுப் பாதையையும், விஷுவல் சி நிரல்கள் டீபக் (பிழை தேட உதவும்) ஃபைலின் பாதையையும் உள்ளே விட்டுவைப்பது வழக்கம். அந்தப் பாதையில் விண்டோஸ் பயனர் பெயர் இருந்தால், புனைபெயரில் எழுதியவரின் நிஜப் பெயர் கையில் வந்துவிட்டது என்று அர்த்தம். வந்துவிட்டது என்பதற்காக அதை ஊருக்குச் சொல்லாதீர்கள், அவர் மறைத்தது அவர் விருப்பம்.

தேதிகளை நம்புவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய ஏராளமான நிரல்களின் தலைப்பகுதியில் 1992 ஜூன் 19 என்றே தேதி இருக்கும். அது டெல்ஃபியின் பல பதிப்புகளில் இருந்த பிழை, நிரலின் வயதோடு சம்பந்தம் இல்லை. ஜிப்புக்குள் இருக்கும் ஃபைல் நேரமும் எழுதியவரின் உள்ளூர் நேரம்தான், நேர மண்டலம் பதிவாவதில்லை, அதிலிருந்து அவர் எந்த நாடு என்று கணக்குப் போட முடியாது.

நிரலை ஓட்டியே பார்க்க வேண்டும் என்றால், 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ் நிரலுக்கு டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்). விண்டோஸ் 3.1 நிரலுக்கு டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1. "அபவுட்" பெட்டியையும் ரெஜிஸ்டர் திரையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரே ஒரு பதிப்புதான் இருக்கிறது. அது போதுமா?

போதாது. எல்லாப் பதிப்புகளையும் தேடிப் பிடியுங்கள், குறிப்பாக முதலாவதையும் கடைசியையும். முதல் பதிப்பை வெளியிட்டபோது அவருக்கு அனுபவம் இல்லை, வீட்டு முகவரியையும் அலுவலக மின்னஞ்சலையும் பல்கலைக்கழகக் கணக்கையும் யோசிக்காமல் போட்டிருப்பார். கடைசிப் பதிப்பில் அவர் கடைசியாக எங்கே இருந்தார் என்று தெரியும். நடுவில் இருக்கும் பதிப்புகளைப் பார்த்தால் ஊர் மாறியது, வேலை மாறியது எல்லாம் வரிசையாக விளங்கும்.

எங்கே கிடைக்கும்? அமெரிக்க ராணுவத்தின் வைட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துக் கணினி ஒன்றில் சிம்டெல்20 என்ற மென்பொருள் களஞ்சியம் இருந்தது. 1993-ல் அந்தக் கணினியை நிறுத்திய பிறகும் களஞ்சியம் வேறு இடங்களில் தொடர்ந்து, 2013-ல்தான் மூடியது. அதை வால்நட் கிரீக் சிடிராம் என்ற நிறுவனம் வட்டுகளாகப் போட்டு விற்றது, அந்த வட்டுகளின் பிரதிகள் இன்று இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. அமிகா என்ற பழைய கணினிக்கான நிரல் என்றால் 1992-ல் தொடங்கிய அமிநெட் களஞ்சியம். அங்கே ஒவ்வொரு நிரலோடும் எழுதியவர் யார், ஏற்றியவர் யார் என்று தனித்தனி வரி உண்டு.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்ட நேரம் இல்லை என்றால் டிஸ்க்மாஸ்டரைப் பயன்படுத்துங்கள். 2022-ல் வந்தது. பழைய சிடி, ஃப்ளாப்பி பிரதிகளை விரித்து, ஜிப்புக்குள் ஜிப்பாக இருக்கும் ஃபைல்களையும் வெளியே எடுத்து, ஃபைல் பெயரிலும் உள்ளடக்கத்திலும் தேட விடுகிறது. எழுதியவரின் பெயரையோ பழைய மின்னஞ்சலையோ அதில் போட்டால், அவர் எழுதிய மற்ற நிரல்களும் வந்து விழும். இந்த வேலையில் என்னைக் கேட்டால் கடந்த பல ஆண்டுகளில் வந்த மிக உபயோகமான கருவி இதுதான்.

முகவரி என்ற இடத்தில் வெறும் எண்கள் இருக்கின்றன. அது என்ன?

நடுவில் காற்புள்ளி போட்டு, 7-ல் ஆரம்பிக்கும் எண் என்றால் கம்ப்யூசர்வ். கவனித்தால் அதில் 8-ம் 9-ம் இருக்காது, ஏனென்றால் அவை எட்டடிமான (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் உள்ள) எண்கள். காற்புள்ளியைப் புள்ளியாக்கி, கம்ப்யூசர்வ் டாட்காம் சேர்த்தால் மின்னஞ்சல் முகவரி. பழைய கம்ப்யூசர்வ் சேவை 2009-ல் மூடிவிட்டது, அந்த முகவரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தேடுவதற்கு அந்த எண் தங்கம். ஒரே பெயரில் பலர் இருக்கலாம், ஒரே கம்ப்யூசர்வ் எண்ணில் இருக்கமாட்டார்கள். புள்ளி வைத்தும் காற்புள்ளி வைத்தும் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

"1:234/567" போல இருந்தால் அது பிபிஎஸ்களை ஒன்றோடொன்று இணைத்த ஃபிடோநெட். 1 என்றால் வட அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆஸ்திரேலியா பக்கம். ஃபிடோநெட்டில் வாரா வாரம் நோட்லிஸ்ட் என்ற பட்டியல் வெளியாகும், ஒவ்வொரு எண்ணுக்கும் பிபிஎஸ் பெயர், ஊர், நடத்துபவர் பெயர், தொலைபேசி எண் என்று. பழைய நோட்லிஸ்ட்கள் சேமிப்பில் கிடைக்கின்றன. நிரலின் தேதிக்கு அருகில் உள்ள வாரத்தை எடுங்கள், எண்கள் கைமாறும். கிடைத்த பெயர் பிபிஎஸ் நடத்தியவருடையது. எழுதியவர் அங்கே வெறும் பயனராகவும் இருந்திருக்கலாம்.

பெயரோடு எழுத்தும் எண்ணும் கலந்த சின்னக் குறியீடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது அமெச்சூர் ரேடியோ அழைப்புக் குறி. அந்தக் காலத்து நிரல் எழுத்தாளர்களில் ஹாம் ஆட்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், நிறைய. அமெரிக்காவில் இந்தப் பதிவேடு பொதுவில் திறந்திருக்கிறது. பழைய குறி புதிய ஆளுக்குப் போயிருக்கலாம், பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிடலாமா?

வேண்டாம். கால் நூற்றாண்டுக்கு முந்தைய எண் இன்று யாரோ சம்பந்தமில்லாதவரின் கையில் இருக்கும். அதை ஊரைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், அதிலும் ஏரியா கோடுகள் உடைந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும். உதாரணமாக வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதி முழுவதற்கும் 206 ஆக இருந்தது, 1995-ல் 360 தனியாகப் போனது, 1997-ல் 253-ம் 425-ம் பிரிந்தன. 1992 ரீட்மீயில் 206 என்று இருந்தால் அவர் சியாட்டில்காரர் என்று முடிவு கட்டக் கூடாது.

வலைத்தளம் செத்துவிட்டது. இப்போது அந்த டொமைனில் வேறு ஏதோ விளம்பரம் ஓடுகிறது.

பழைய வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினுக்குப் போங்கள். 1996-லிருந்து சேமிப்பு இருக்கிறது. முகப்புப் பக்கத்தோடு நிற்காமல், அந்த டொமைனில் சேமித்த எல்லா முகவரிகளையும் பட்டியலாகக் கேட்க முடியும், அதைச் செய்யுங்கள். "என்னைப் பற்றி", விருந்தினர் புத்தகம், குடும்பப் படங்கள், நண்பர்களின் இணைப்புகள் எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். கடைசியாக உயிரோடு இருந்த பிரதியை நிதானமாகப் படியுங்கள். "தற்போது ஆர்டர் எடுப்பதில்லை" என்று ஒரு வரி இருந்தால் அவர் தெரிந்தேதான் மூடினார்.

இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது, ஆனால் ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் பெரும்பகுதியை அதற்கு முன்பே வாரி எடுத்துவிட்டார்கள். இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பக்கமாக இருந்தால் முகவரியில் அலைக்குறிக்குப் பின்னால் ஒரு பயனர் பெயர் இருக்கும். பலர் அதே பயனர் பெயரைப் பல ஆண்டுகள் எல்லா இடத்திலும் பயன்படுத்தினார்கள்.

டொமைன் பதிவு விவரம் முன்பெல்லாம் திறந்த புத்தகம். 2018 மே 25-ல் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும் தனிநபர் விவரங்களை மறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிவுகளைச் சேர்த்து வைத்து விற்கும் சேவைகள் உண்டு. டொமைன் இன்னும் அதே ஆள் பெயரில் இருப்பதாகத் தோன்றினால் அந்தச் செலவும் தேவையில்லை, பதிவு நிறுவனம் தரும் தொடர்புப் படிவம் வழியாக எழுதினால் அவருக்குப் போய்ச் சேரும்.

யூஸ்நெட்டில் தேடச் சொல்கிறார்களே?

அவசியம் தேடுங்கள். யூஸ்நெட் என்பது தலைப்பு வாரியான பொது விவாதக் குழுக்களின் பழைய வலையமைப்பு. சிம்டெல்லில் புதிய நிரல் ஏறும்போது அறிவிப்புக்கென்றே ஒரு செய்திக்குழு இருந்தது, அதில் ஏற்றியவரின் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்து வரும். 1995-ல் தேஜா நியூஸ் யூஸ்நெட்டைச் சேமிக்க ஆரம்பித்தது, 2001-ல் கூகுள் அதை வாங்கி, 1981 வரை பின்னோக்கிப் போகும் பழைய சேமிப்பையும் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் புதிய பதிவுகளை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், பழையவை இருக்கின்றன. அதன் தேடல் வசதி சுமார்தான், அதனால் இன்டர்நெட் ஆர்கைவில் உள்ள செய்திக்குழுத் தொகுப்புகளை இறக்கி உங்கள் கணினியிலேயே தேடுவது மேல். நிரலைப் பற்றி மட்டும் தேடாதீர்கள். மனிதர் தன் நிரலைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருப்பார், பாய்மரப் படகைப் பற்றியோ நாய் வளர்ப்பைப் பற்றியோ இருநூறு தடவை எழுதியிருப்பார், அந்தப் பொழுதுபோக்கில் அவர் இன்னும் இருக்கக்கூடும்.

பணம் வாங்கிய நிறுவனத்தைக் கேட்டால்?

பெரும்பாலும் பயனில்லை. நிறைய மேக் ஷேர்வேருக்குப் பணம் வாங்கிக் கொடுத்த காகி 2016 ஜூலை 31-ல் மூடிவிட்டது. இருக்கும் நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரம் தரமாட்டார்கள், தரக் கூடாது. ஆனால் நீங்கள் முன்பு காசு கொடுத்தவர் என்றால் உங்கள் பழைய மின்னஞ்சலில் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் எழுதும்போது அந்த ரசீது உங்களைப் பற்றிப் பேசும்.

அரசுப் பதிவேடுகள்?

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பட்டியலில் 1978 முதலான பதிவுகளை இணையத்திலேயே தேடலாம். நிரலின் பெயரைப் போடுங்கள். பதிவு செய்திருந்தால் உரிமையாளர் பெயர் வரும், சில சமயம் எழுதியவர் பிறந்த ஆண்டும் வரும், அது ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க உதவும். வணிகச் சின்னப் பதிவேடும் மாநில நிறுவனப் பதிவேடுகளும் இதே மாதிரி.

ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பெயர் ஒத்துப்போவது போதாது. பெயரோடு இன்னும் ஏதாவது இரண்டு சேர வேண்டும்: பழைய ஊர், நடு எழுத்து, அதே பயனர் பெயர், அதே பொழுதுபோக்கு, ரீட்மீயில் சொன்ன பல்கலைக்கழகம். எதிர்ப்பக்கமும் உண்டு. "நான்தான் எழுதியவன், காசு அனுப்புங்கள், கீ தருகிறேன்" என்று முன்வருபவர் எல்லாம் எழுதியவர் இல்லை. ரீட்மீயில் பிஜிபி கைரேகை (மின்னணுக் கையொப்பச் சாவியின் அடையாள எண்) இருந்தால் அந்தச் சாவியால் கையொப்பமிடச் சொல்லலாம். இல்லாவிட்டால் உங்கள் பெயருக்கு ஒரு கீ உருவாக்கச் சொல்லுங்கள், அது நிரலில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கீஜென் (யாரோ உடைத்து எழுதிய, திருட்டுக் கீ தயாரிக்கும் நிரல்) சுற்றும் நிரல்களில் இந்தச் சோதனை செல்லாது.

முதல் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

சின்னதாக. அவர் நிலையில் யோசியுங்கள்: இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு விஷயத்தைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவர், தன் பழைய முகவரிகளையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு எழுதுகிறார். யாருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அதனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை ஒரே வரியில் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், துப்பறிந்த கதையை விரிக்க வேண்டாம். நிரலின் பெயர், பதிப்பு எண், நீங்கள் அதை இன்று எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், என்ன வேண்டும். வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். "கீ கிடைக்குமா, சோர்ஸ் கிடைக்குமா, புதிய பதிப்பு வருமா, பேட்டி தருவீர்களா" என்று அடுக்கினால் பதிலே வராது. "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய கேள்வி கேளுங்கள். மாதிரிக்கு:

"வணக்கம். நீங்கள் 1996-ல் வெளியிட்ட நிரலின் 2.1 பதிப்பை இன்னும் பயன்படுத்துகிறேன். பழைய பதிப்பின் ரீட்மீயில் இருந்த உங்கள் பெயரை வைத்து இந்த முகவரியைக் கண்டுபிடித்தேன். என் பழைய ஃபைல்களைத் திறக்க ரெஜிஸ்டர் செய்த பதிப்பு தேவைப்படுகிறது. இப்போதும் கீ தர இயலுமா? அன்றைய விலையைச் செலுத்தத் தயார். விருப்பமில்லை என்றால் பதில் எழுத வேண்டியதில்லை, மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன்."

கடைசி வரியை எழுதினால் அதன்படி நடக்கவும். மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்திருக்கலாம் என்பதற்காக ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை, வேறு வழியில், எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம். மனைவி, மகன், மேலதிகாரி என்று சுற்றி வளைத்துப் போவது, முகவரியைப் பொதுவில் போட்டு "எல்லோரும் கேளுங்கள்" என்பது, இரண்டும் மோசம்.

அவர் பெயரே மாறியிருக்கிறது என்று தெரிகிறது.

திருமணம், மணமுறிவு, பால் மாற்றம், பாதுகாப்பு, எதுவாகவும் இருக்கலாம். இன்றைய பெயரில் எழுதுங்கள், கடிதத்தில் பழைய பெயரை இழுக்காதீர்கள், நிரலின் பெயரை மட்டும் சொன்னால் அவருக்குப் புரியும். இரண்டு பெயர்களையும் இணைத்து எங்கும் எழுதி வைக்க வேண்டாம்.

இறந்துவிட்டார் என்று தெரியவந்தால்?

நடக்கிறது, இந்தத் துறையின் முன்னோடிகளிலேயே பலர் இல்லை. ஃப்ளூகல்மன் 1985 ஜூலையில் காணாமல் போனார், அவருடைய கார் கோல்டன் கேட் பாலத்தின் அருகே கிடைத்தது, அவர் கிடைக்கவே இல்லை. பிகேசிப் எழுதிய ஃபில் கட்ஸ் 2000 ஏப்ரலில் இறந்தார், வயது 37. பாப் வாலஸ் 2002-ல் போனார், ஜிம் நாஃப் 2013-ல்.

எழுதியவர் போனாலும் உரிமை போவதில்லை, வாரிசுகளுக்குப் போகிறது. அவர்களுக்கு எழுதலாம், ஆனால் உடனே வேண்டாம், சில மாதங்கள் போகட்டும். கேட்பதும் அவர்களால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அப்பாவின் கணினியில் சோர்ஸ் கோட் எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. "இதை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா" என்றால் அது அவர்களால் முடியும், பல குடும்பங்களுக்கு அது சந்தோஷமும்கூட.

யாருமே கிடைக்கவில்லை என்றால் கீஜென் பயன்படுத்தலாமா? அதுதான் அபேன்டன்வேர், கைவிடப்பட்ட மென்பொருள் ஆயிற்றே.

அபேன்டன்வேர் என்று சட்டத்தில் ஒரு வகை கிடையாது. விற்பதை நிறுத்தியதால் காப்புரிமை தீர்ந்துவிடாது. பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 70. 1990-களில் எழுதியவற்றில் பெரும்பாலானவை நம் ஆயுளில் பொதுச்சொத்து ஆகப்போவதில்லை, எழுதியவரே விட்டுக்கொடுத்தால் தவிர.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு வழி உண்டா என்றால், அரைகுறையாக உண்டு. கனடாவில் நியாயமாகத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டினால் காப்புரிமை வாரியம் உரிமம் தர முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ம் ஆண்டு உத்தரவு நூல்கள், திரைப்படங்கள், ஒலிப்பதிவுகளுக்குத்தான், மென்பொருளுக்கு இல்லை. அமெரிக்காவில் 2008-ல் ஒரு மசோதா செனட்டைத் தாண்டி, அதோடு நின்றுபோனது. எந்த நாட்டில் எந்த வழியானாலும் நீங்கள் தேடியதற்கு ஆதாரம் வேண்டும், ஆகவே எங்கே தேடினீர்கள், எப்போது எழுதினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ரெஜிஸ்டர் செய்யாத ஷேர்வேர் பதிப்பை மாற்றாமல் பகிரலாம் என்று பெரும்பாலான ரீட்மீகளே அனுமதி தருகின்றன, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரெஜிஸ்டர் செய்த பதிப்புக்கும் கீக்கும் அந்த அனுமதி கிடையாது. கீஜென் பற்றி: சட்டத்தை விடுங்கள், கீஜென் என்ற பெயரில் சுற்றுபவற்றில் வைரஸ் ஏராளம், உங்கள் அன்றாடக் கணினியில் அதைத் திறக்காதீர்கள்.

சம்மதித்துவிட்டார்! இப்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

எழுத்தில் ஓர் அனுமதி. "சரி, வைத்துக்கொள்ளுங்கள்" என்ற மின்னஞ்சல் உங்களுக்குப் போதும், மற்றவர்களுக்குப் போதாது. எந்தப் பதிப்புகள், யார் பயன்படுத்தலாம், பகிரலாமா, மாற்றலாமா, விற்கலாமா என்று நாலு வரி. நீங்களே எழுதி அனுப்பி அவரை ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். எம்ஐடி உரிமம் போன்ற, ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் திறந்த உரிமத்தைச் சொன்னால் இன்னும் சுலபம். அப்புறம் இரண்டு கேள்விகள்: உரிமையை எப்போதாவது யாருக்காவது விற்றாரா? காசு கொடுத்து வாங்கிய வேறொருவரின் லைப்ரரி (தயார் நிரல் பகுதி) ஏதாவது உள்ளே இருக்கிறதா? இரண்டாவதற்குப் பதில் "ஆம்" என்றால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் சோர்ஸைத் திறக்க முடியும்.

அவர் சோர்ஸ் தரத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பழைய கோடு அசிங்கமாக இருக்கும் என்ற கூச்சம்தான் பாதிக் காரணம். எல்லோருக்கும் பொதுவான ஒரு கீயை வெளியிடச் சம்மதித்தாலே பெரிய உதவி.

காசு வேண்டாம் என்கிறார். வற்புறுத்தலாமா?

ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம். டாஸ்மேனியாவின் பீட்டர் டாட்டம் எழுதிய ட்ரம்பெட் வின்சாக் 1994 வாக்கில் விண்டோஸ் 3.1-ஐ இணையத்தில் இணைக்க எத்தனையோ பேருக்கு உதவியது, பெரும்பாலானவர்கள் காசு கொடுக்கவில்லை. 2011-ல் அவருக்காகச் சிலர் நன்கொடை திரட்டினார்கள், அந்நாளில் ஏமாற்றியவர்கள் பலர் அப்போது அனுப்பினார்கள். அவர் காணாமல் போனவர் இல்லை, கேட்பவர்தான் இல்லாமல் இருந்தார்கள். உங்கள் ஆள் வேண்டாம் என்றே நின்றால் விட்டுவிடுங்கள்.

சோர்ஸ் தொலைந்துவிட்டது என்கிறார். அவ்வளவுதானா?

இல்லை. முதலில் கேட்க வேண்டியது கீ உருவாக்கும் நிரல். அது தனிக் குட்டி நிரலாக, வேறு ஃபோல்டரில், வேறு வட்டில் இருந்திருக்கும், சோர்ஸ் போனாலும் அது தப்பியிருக்கலாம். உங்கள் சிக்கல் பழைய ஃபைல்களைத் திறப்பது என்றால், அவருக்கு ஃபைல் வடிவம் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். "முதல் 128 பைட் தலைப்பு, அப்புறம் நிலையான நீளப் பதிவுகள்" என்ற அளவுக்குச் சொன்னால் மாற்றி எழுதும் நிரலை வேறொருவர் எழுதிவிடலாம். பரணில் ஃப்ளாப்பிகள் இருப்பதாகச் சொன்னால், தயவுசெய்து அவற்றை ஏதோ ஒரு பழைய டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த வட்டை ஒருமுறை சுழற்றினாலே காந்தப் பூச்சு உரிந்துவிடக்கூடும். சுத்தம் செய்து, கிரீஸ்வீசல் அல்லது கிரையோஃப்ளக்ஸ் மாதிரி காந்த அலைவடிவத்தையே பதிவு செய்யும் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுப்பதற்கான தபால் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.